ஐம்பத்து மூன்று மணி

எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டினாற்போல எட்டுத் தறி ஓடும் கொட்டகை. திருப்பூர்ப் பக்கத்து மங்கலத்தில் தறிச்சத்தத்துக்கு யாரும் விழிப்பதில்லை. சத்தம் நின்றால்தான் விழிப்பு வரும். ஒருநாள் மத்தியானம் கரண்ட் போனது. தறிகள் அடங்கிய பிறகும் ஒரு பெண்குரல் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது, ஏதோ ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து. தறி ஓட்டும் அக்காவின் குரல். மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை அவர் உதடு அசைவதைப் பார்த்து வெற்றிலை மெல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜெபமாலையைக் கழுத்தில் போட மாட்டார். தறியில் மாட்டிவிடும். மடியில் முடிந்து வைத்துக்கொண்டு, எண்ணிக்கையை விரல் கணுவில் வைத்திருப்பார். நாடாவில் தார் மாற்றும்போதும் அறுந்த இழையை முடிபோடும்போதும் கணக்கு நிற்கும். கை ஓய்ந்ததும் விட்ட கணுவிலிருந்து கட்டைவிரல் நகரும். இந்தப் பக்கத்துக் கத்தோலிக்கர் இதை ‘அம்பத்து மூணு மணி’ என்பார்கள். ஐந்து பத்து, தொடக்கத்தில் மூன்று.

“கணக்கு தப்பிப்போச்சுன்னா என்னங்க்கா பண்ணுவீங்க?”

“அதெல்லாம் அவ எண்ணிக்குவா தம்பி. எனக்கு அறுந்த நூலைப் பாக்கவே நேரம் சரியாப் போகுது.”

‘அவ’ என்பது கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை. மங்கலத்திலிருந்து சாமளாபுரம், சோமனூர் தாண்டினால் கருமத்தம்பட்டி. அவிநாசி ரோட்டில் கோவைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தபடியே கும்பிட்டுக்கொள்ளும் ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதில் திருநீறு பூசிய நெற்றிகளும் உண்டு. இப்போது அது பசிலிக்கா. அக்காவுக்கு அந்தச் சொல் வாயில் நுழைவதில்லை. அவருக்கு அது மாதா கோயில், அவ்வளவுதான்.

நான் கிறிஸ்தவன் இல்லை. ஆனாலும் அந்த மத்தியானத்துக்குப் பிறகு ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது. வேளாங்கண்ணிக்குக் கடல் இருக்கிறது, கரை சேர்ந்த மாலுமிகள் கதை இருக்கிறது. தூத்துக்குடி பனிமய மாதாவின் சுரூபம் 1555இல் மணிலாவிலிருந்து கப்பலேறி வந்தது என்பார்கள். புன்செய்க் காடும் சோளத்தட்டுமாகக் கிடந்த கொங்கு மேட்டில் மாதா எப்படி வேர்விட்டாள்?

கருமத்தம்பட்டிக் கோயிலின் தொடக்கம் 1640 என்று ஊரில் சொல்வார்கள். மதுரையில் ராபர்ட் தெ நொபிலி 1606இல் தொடங்கிய இயேசு சபைப் பணி சத்தியமங்கலம் வழியாக இந்தப் பக்கம் பரவிய காலம் அது. அப்புறம் கொங்கு நாடு மைசூர்ச் சண்டைகளின் நடைபாதையானது. கம்பெனிப் படையும் ஹைதர், திப்பு படைகளும் மாறி மாறி மிதித்த மண். பழைய கோயில் திப்பு காலத்தில் இடிந்தது என்பது ஊர்நினைவு. அதை இன்றைக்கு யாராவது மேடைக்கு எடுத்துக்கொண்டு போவார்களோ என்ற பயம் எனக்கு உண்டு. அதே திப்புதான், 1791இல் மராட்டியக் கொள்ளைக்காரர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, பணமும் பொருளும் அனுப்பிச் சிலையை மீண்டும் நிறுவச் சொன்னவர். படை போகிற வழியில் எது நின்றதோ அது விழுந்தது.

கோயில் இடிந்ததைவிடப் பெரிய அடி ரோமிலிருந்து வந்தது என்பேன். 1773இல் போப்பாண்டவர் இயேசு சபையையே கலைத்துவிட்டார். மூன்று வருஷம் கழித்து பிரான்சின் பாரிஸ் வேதபோதக சபைக்கு இந்தப் பணியின் பொறுப்பு கை மாறியது. அவர்களிடமோ ஆள் இல்லை. அதற்குள் பிரெஞ்சுப் புரட்சியும் வந்துவிட்டது. சாமியார் முகத்தை எப்போதாவது பார்க்கிற ஊர்கள் இவை. பூசை வைக்கச் சாமியார் வேண்டும். பாவசங்கீர்த்தனம் கேட்கச் சாமியார் வேண்டும். ஜெபமாலைக்கு யாரும் வேண்டாம். எழுத்துக்கூட வேண்டாம். நூற்றைம்பது சங்கீதங்களைப் படிக்கத் தெரியாத பாமரர் அதற்கு ஈடாக நூற்றைம்பது மங்கள வார்த்தை சொன்னதில்தான் இந்த மாலை ஐரோப்பாவிலேயே வளர்ந்தது. ஓர் உபதேசியார் முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைச் சொல்ல, திண்ணையே கோயிலாகிவிடும். திண்ணையை எந்தப் படை இடிக்கும்? கருமத்தம்பட்டிக்காரி ஜெபமாலை மாதாவாக இருப்பதை நான் இப்படித்தான் புரிந்துகொண்டிருக்கிறேன். சுரூபம் பீடத்தில் இருந்தாலும் வழிபாடு கைக்குள் இருந்தது.

ஜெபமாலை மாதா என்ற பட்டப்பெயருக்குப் பின்னால் ஒரு போரும் இருக்கிறது. 1571 அக்டோபர் 7ஆம் தேதி லெபாந்தோ கடலில் துருக்கியக் கப்பற்படை தோற்றதற்கு ஜெபமாலையே காரணம் என்று ஐந்தாம் பத்திநாதர் விழா ஏற்படுத்தினார். பிறகு அது அக்டோபர் முதல் ஞாயிறு ஜெபமாலைத் திருவிழாவானது. அக்காவுக்கு லெபாந்தோவும் தெரியாது, துருக்கியும் தெரியாது. முதல் ஞாயிறு விடியுமுன் அவர் கருமத்தம்பட்டிக்கு நடக்கக் கிளம்பும்போது மங்கலத்தில் திறந்திருப்பது ஒரு பாயின் டீக்கடைதான். டீ குடித்துவிட்டுத்தான் நடையே.

அப்படி ஒரு முதல் ஞாயிறு இந்த ஊர்களுக்கு மறக்கக் கூடாத நாள். 1846 அக்டோபர் 4. தெ மரியோன் பிரெசில்லாக் என்ற முப்பத்திரண்டு வயதுப் பிரெஞ்சுக்காரரை ஆயராக அபிஷேகம் செய்தது கருமத்தம்பட்டியில்தான். கோவை தனி மறைப்பகுதியாகப் பிரிந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஞாயிற்றுக்கிழமை. திருவிழாவன்றே. உள்ளூர்ப் பையன்களைக் குருக்களாக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். சாதி ஆசாரங்களை எங்கே ஒப்புவது, எங்கே மறுப்பது என்ற கேள்வி அவர் மனசாட்சியை அரித்தது. 1855இல் பதவியை விட்டார். அடுத்த ஆண்டே லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிக்கென்று ஒரு சபை தொடங்கினார். 1859இல் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறங்கி, ஆறே வாரத்தில் மஞ்சள் காய்ச்சலில் செத்துப்போனார். இந்தச் சாலையில் குதிரை ஏறியவர் எங்கே போய்க் கண்ணை மூடினார் என்று நினைக்கும்போது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும்.

வெளியூர்க்காரர் வந்து போனார்கள். மாதா மட்டும் உள்ளூர்க்காரியாகிவிட்டாள். கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் பெரியநாயகி என்று பெயரிட்டுத் தமிழ்ப் பெண்ணாகவே அவளை நிறுத்தினார். வேளாங்கண்ணியில் பட்டுச்சேலை கட்டுகிறார்கள். கொடியேற்றம், தேர், மாலை, தேர் மேல் உப்பும் மிளகும் இறைப்பது என்று எல்லாமே நமக்குத் தெரிந்த கைவேலைதான்.

அக்டோபர் என்றால் பனியன் கம்பெனிகளில் தீபாவளிக்கு முந்தின ஓட்டம். போனஸ் பேச்சு, ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமைச் சம்பளம். 1883இல் பதின்மூன்றாம் சிங்கராயர் அந்த மாதத்தையே ஜெபமாலைக்கு ஒதுக்கியபோது திருப்பூரைக் கேட்கவில்லை. சனி ராத்திரி ஒன்பது மணிக்கு ஷிப்ட் விட்டு, விடியற்காலை நடப்பவர்களில் இப்போது ஜார்க்கண்டுப் பையன்களும் இருக்கிறார்கள். ராஞ்சிப் பக்கத்துக் கத்தோலிக்கர். தமிழ்ப் பூசை பாதி புரியாது. ஜெபமாலையில் மட்டும் இடம் தவறுவதே இல்லை. அவரவர் பாஷையில் முணுமுணுத்தாலும் பத்து முடியும் இடம் ஒன்றுதான்.

போன வருஷம் நானும் கூட நடந்தேன். சோமனூரிலேயே கால் ஓய்ந்து, மிச்சத்துக்கு பஸ் பிடித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாயங்காலம் கூட்டத்தில் அக்காவைக் கண்டுபிடித்தேன். தேருக்கு விளக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மடியிலிருந்து ஜெபமாலையை எடுத்தார். மணிகளுக்கு இடையே சங்கிலியில் பஞ்சு சுற்றிக் கிடந்தது. ஊதிப் பார்த்தார், போகவில்லை.

“எங்க போனாலும் கூடவே வருது பாருங்க,” என்று நகத்தால் ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுக்க ஆரம்பித்தார். இரண்டாவது பத்தில் இருந்தபோது தேர் கிளம்பிவிட்டது.