நாயுண்ணிக்குப் பதிலாக எதை நடுவது?

அம்மம்மாவின் வேலியோரம் நிண்ட நாயுண்ணியை வெட்ட வேணும் என்று நாங்கள் முடிவெடுத்தது ஆட்டுக்குட்டியால்தான். போன வரட்சியில் வேற பச்சை கிடைக்காமல் அது நாயுண்ணி இலையைத் திண்டுவிட்டது. கண் மஞ்சளாகி, மூக்குத் தோல் உரிந்து, வெயிலுக்கு வராமல் கொட்டிலுக்குள்ளேயே கிடந்தது. ஒருமாதிரித் தப்பிவிட்டது.

“வெட்டாதேங்கோ பிள்ளையள். நாங்கள் திரும்பி வந்த நேரம் வளவில இது மட்டும்தான் பூத்துக்கொண்டு நிண்டது,” என்றா அம்மம்மா.

அதுக்கு எங்களிட்டப் பதில் இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், ஆட்கள் இல்லாத வளவு என்பதால்தான் அது அப்படிப் பூத்து நிண்டது. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம்: பூவும் பழமும் தரும் வேறு செடி கொண்டுவந்தால் வெட்டலாம்.

நாயுண்ணியும் அழகுக்காகக் கொண்டுவந்த செடிதான். வெப்பவலய அமெரிக்காவில் இருந்து 1826 இல் தாவரவியல் பூங்கா வழியாக இலங்கைக்கு வந்தது. அதன் கறுத்தப் பழத்தைக் குருவிகள் தின்று விதையைக் கண்ட இடமெல்லாம் போட்டன. இன்றைக்கு உடவளவையில் யானை மேயும் புல்வெளிகளிலும் பற்றையாகிக் கிடக்கிறது. ஆகவே அழகைவிட எங்களுக்கு முக்கியமாகப் பட்ட கேள்வி இதுதான்: இந்த விதையைக் குருவி காட்டில் போட்டால் என்ன நடக்கும்?

பூங்கன்றுக் கடையில் முதலில் காட்டியது டுராண்டா. ஊதாப் பூ, பொன்னிறப் பழக் கொத்து. பார்த்தவுடன் ஆசை வரும். ஆனால் அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடி, அவுஸ்திரேலியாவில் களையாகப் பரவியது. பழம் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சரிவராது.

காரை எங்கட மண்ணின் செடி, பழமும் தின்னலாம். பூ மட்டும் கண்ணுக்கே தெரியாது. கிளாவுக்கு வெள்ளைப் பூ, நல்ல வாசம். பழம் சிவந்து பிறகு கறுக்கும். முள் இருப்பதால் வேலிக்குத் தோது. ஆனால் மெதுவாகத்தான் வளரும். எக்சோறா என்று கடையில் விற்கும் வெட்சியும் இந்த மண்ணுக்குரியதுதான். சிவப்புக் கொத்துக்கு வண்ணத்துப்பூச்சி தேடி வரும். இவற்றின் விதையைக் குருவி கொண்டுபோனாலும் போய்ச் சேர்வது சொந்தக் காட்டுக்குத்தான்.

வேலிக்குக் கிளா, படலையடிக்கு வெட்சி என்று நட்டோம். நாயுண்ணியை அடியோடு வெட்டினாலும் திரும்பத் தளிர்க்கும் என்பதால் வேரோடு கிண்டினோம். அம்மம்மா பார்க்க வரவில்லை.

கிளா இன்னும் முழங்கால் உயரம்கூட இல்லை. பின்னேரத்தில் அதுக்குத் தண்ணி ஊத்துறது அம்மம்மாதான். “எப்பவடா பூக்கும்?” என்று கேட்கிறா. கொஞ்சக் காலம் செல்லும் என்று சொல்லி வைத்திருக்கிறோம்.