எங்கட மைதானத்து டயர்கள்

மாரி தொடங்கினால் எங்கட ஊரில் சிரமதானமும் தொடங்கிவிடும். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்டதற்காக, நாங்கள் பதினைந்து பேர் கையுறையும் உரப்பையுமாக வீடு வீடாகப் போனோம். சிரட்டை, யோகட் கப், உடைஞ்ச பூச்சாடி எல்லாம் பொறுக்கினோம். போன வீடெல்லாம் அறிவுரையும் சொன்னோம்.

ஒரு அம்மம்மா வீட்டுக் கோடிக்குள் மூடாத மூன்று பரல். டோர்ச் அடிச்சுப் பார்த்தால் குடம்பிகள் நெளியுது.

"இதை ஊத்துங்கோ அம்மம்மா."

"ஊத்தலாம் பிள்ளையள். கிணறு உப்பு. குழாயிலை தண்ணி கிழமைக்கு ரெண்டு நாள்தான். மிச்ச நாளுக்கு ஆர் கொண்டுவந்து தாறது?"

எங்களிட்டைப் பதில் இல்லை. துண்டுப்பிரசுரத்தைக் குடுத்திட்டு வந்துவிட்டோம்.

இரண்டு கிழமை கழிச்சு எங்களில் ஒருத்தனுக்குக் காய்ச்சல். மூன்றாம் நாள் இரத்தம் சோதிச்சால் டெங்கு. அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில், பிளேட்லெட் எத்தனை எண்டு போனில் கேட்கிறதே எங்கட வேலையாகிப் போச்சு. பரிசோதகர் திரும்ப வந்து தேடினார். குடம்பி அகப்பட்டது எங்கட கரப்பந்தாட்டத் திடலில். எல்லைக்கு நாங்களே பாதி புதைச்ச டயர்களுக்குள். ஊர்க் கோடியெல்லாம் பார்த்த நாங்கள் அதை எட்டியும் பார்க்கவில்லை.

2016 இல் மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. அடுத்த வருடமே ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கு டெங்கு. இந்த நுளம்பு வீட்டோடு வாழுறது. முட்டை நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் பாத்திரச் சுவரில் ஒட்டின முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே வருடத்துக்கு ஒரு சிரமதானத்தால் ஒன்றும் ஆகாது. கிழமைக்கு ஒருக்கால், ஒவ்வொரு வீட்டிலும் பார்க்கவேணும். எந்த உத்தியோகத்தராலும் தனியே முடியாத வேலை அது.

இதைத்தான் 'மக்கள் பங்களிப்பு' என்கிறார்கள். ஆனால் எங்களைக் கூப்பிடுவது கூட்டி அள்ள மட்டும்தான். தங்கட சுகாதாரத்தைத் திட்டமிடுவதிலும் பங்குபற்ற மக்களுக்கு உரிமை உண்டு என்று 1978 இலேயே அல்மா ஆட்டா பிரகடனம் சொல்லிவிட்டது. அந்த அம்மம்மாவிடம் ஒருத்தரும் யோசனை கேட்கவில்லை. நாங்களும்தான்.

திரும்பப் போனோம், இந்தமுறை வெறுங்கையோடு. என்ன செய்யலாம் எண்டு கேட்டோம். "தண்ணி வாற நாளுக்கு முதல்நாள் பரல் வெறுமைதானே. அண்டைக்கு வந்து உட்பக்கத்தைத் தேய்ச்சுத் தாங்கோவன், ஒரு சொட்டும் வீண்போகாது" என்றார்.

இப்ப அந்த ஒழுங்கையில் அந்த நாளில்தான் பரல் தேய்ப்பு. பழைய நுளம்பு வலையில் மூடி தைச்சுக் கட்டியிருக்கிறோம். டயர்களுக்குள் மணல் நிரப்பியாச்சு. குழாய்த் தண்ணீரைக் கூட்டித் தரச்சொல்லி ஒரு கடிதமும் எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து அம்மம்மாவுடையது. பதில் இன்னும் வரவில்லை.