பார்ப்பவரும் அதற்காக வந்தவர்தான்

டாஸ்மாக் வாசலில் நிற்கக் கூசாதவர், குடிநோயாளிகள் கூட்டத்துக்குப் போகக் கூசுகிறார். 'தெரிஞ்சவங்க யாராவது பார்த்துட்டா?' என்பதுதான் தயக்கம். அங்கே அவரைப் பார்ப்பவரும் அதே காரணத்துக்காக வந்தவர்தானே!

1935-ல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடியிலிருந்து மீளத் தவித்த இருவரின் சந்திப்பில் பிறந்தது 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்'. தமிழ்நாட்டிலும் பல ஊர்களில் கூடுகிறார்கள். கட்டணம் இல்லை. முழுப்பெயர், சாதி, வேலை எதுவும் சொல்ல வேண்டியதில்லை. குடியை நிறுத்தும் விருப்பம் இருந்தால் போதும். பேசப் பிடிக்காவிட்டால் சும்மா உட்கார்ந்து கேட்கலாம். அறிவுரை கிடையாது, அவரவர் பட்டதைத்தான் சொல்வார்கள். 'இனி வாழ்நாள் முழுக்க' என்ற சபதமும் வேண்டாம். இன்று ஒருநாள் குடிக்காமல் இருந்தால் போதும். நாளையை நாளை பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. பல வருடங்களாகத் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்புகூட வரலாம். ஆகவே முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். கூட்டம் எங்கே என்று மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். போதை மீட்புக்கான 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனையும் பெறலாம்.

அவர் வர மறுத்தால்? குடும்பத்தினருக்கென்றே 'அல்-அனான்' குழுக்கள் இருக்கின்றன. கணவர் திருந்தும்வரை மனைவி காத்திருக்க வேண்டியதில்லை. அவர் முதலில் போகலாம்.