பந்தெறிபவரை வாங்குவதா, விற்பதா?

 இப்பக்கத்தில் எழுதி நெடுநாள்கள் ஆகிவிட்டன. பள்ளித் திறப்பு, வகுப்பறை அலங்கரிப்பு, பாடத்திட்டம் எழுதுதல் என்று நாள்கள் ஓடிவிட்டன. இன்று நான் எழுத வந்திருப்பது, நம்மில் பலர் தொலைக்காட்சியில்கூட முழுமையாகப் பார்த்திராத பேஸ்பால் விளையாட்டைப் பற்றி. இறுதிவரை படித்தால், அது நம் பள்ளிக்கூடத்துக் கதையும்தான் என்பது விளங்கும்.

என் தம்பி அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பணிபுரிகிறான். அவனுடைய மகனுக்கு வயது பதின்மூன்று. முறைப்படி எனக்கு மருமகன். தமிழை மறந்துவிடக் கூடாதே என்று வாரம் ஒருமுறை காணொளி அழைப்பில் அவனுக்கு நான் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். 2025 டிசம்பர் விடுமுறையில் விவாதக் கட்டுரை எழுதும் முறையை விளக்கிவிட்டு, தலைப்பை அவனையே தேர்ந்தெடுக்கச் சொன்னேன். கைப்பேசிப் பயன்பாடு, சுற்றுச்சூழல் தூய்மை என்று ஏதாவது வரும் என எதிர்பார்த்தேன். அவன் அனுப்பிய தலைப்பு இது: “டெட்ராய்ட் டைகர்ஸ் குழு டாரிக் ஸ்கூபலை விற்க வேண்டுமா?”

“யாரப்பா இந்த ஸ்கூபல்?” என்று கேட்டேன். அன்று ஆசிரியர் மாணவியானார், மாணவன் ஆசிரியரானான்.

அவன் எனக்குக் கற்பித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பந்தெறிபவருக்குத் தனி மதிப்பு உண்டு. ஏறத்தாழ நூறு பந்துகள் எறிந்தபின் அவர் இறங்கிவிடுவார். மாற்று ஆட்டக்காரர்கள் தொடர்வார்கள். அவர் மீண்டும் எறிய நான்கைந்து நாள் ஓய்வு தேவை. ஆகவே ஒவ்வொரு குழுவும் ஐந்து தொடக்கப் பந்தெறிபவர்களைச் சுழற்சி முறையில் பயன்படுத்துகிறது. ஒரு பருவத்திற்கு 162 ஆட்டங்கள். எத்துணைச் சிறந்தவராயினும் அவர் தொடங்கிவைக்கும் ஆட்டங்கள் முப்பதைச் சற்றே தாண்டும்.

இன்னொன்றும் உண்டு. பந்தெறியும் கை எளிதில் பழுதாகிவிடும். முழங்கைத் தசைநார் அறுந்தால், உடலின் வேறோர் இடத்திலிருந்து நாண் எடுத்துப் பொருத்துகிறார்கள். 1974-இல் மருத்துவர் ஃபிராங்க் ஜோப் இந்த அறுவை சிகிச்சையை முதன்முதலில் செய்தார். செய்துகொண்ட ஆட்டக்காரரின் பெயராலேயே அது டாமி ஜான் சிகிச்சை எனப்படுகிறது. ஸ்கூபலும் கல்லூரி நாள்களில் அதைச் செய்துகொண்டவர்தான். 2022-இல் அவர் கையில் மீண்டும் ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. அவ்வளவுக்குப் பிறகும் 2024-இல் 18 வெற்றிகள், 4 தோல்விகள், 228 ஆட்டமிழப்புகள். சிறந்த பந்தெறிபவருக்கான சாய் யங் விருதை 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளும் அவரே பெற்றார்.

பிறகு ஏன் விற்க வேண்டும்? அவருடைய ஒப்பந்தக் காலம் 2026 பருவத்தோடு முடிவதாக இருந்தது. அதன்பின் அவர் விரும்பிய குழுவுக்குப் போகலாம். பழைய குழுவின் கையில் பெரிதாக எதுவும் மிஞ்சாது. அதற்கு முன்பே அவரைக் கொடுத்தால், நல்ல இளம் ஆட்டக்காரர்கள் சிலரைப் பெறலாம். இதுதான் அந்தக் குளிர்காலத்தில் அங்கே எழுந்த விவாதம். கையிலுள்ள ஆண்டா, வரப்போகும் ஐந்தாண்டா?

மருமகன் ஆதாரமாக எடுத்துக்காட்டிய மூன்று வரலாறுகள் என்னை வியப்பில் ஆழ்த்தின. மூன்றும் ஒரே குழுவில் நடந்தவை.

முதலாவது, 1987. அவ்வாண்டு டெட்ராய்ட் குழு முதலிடத்திற்குப் போராடிக்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 12-ஆம் நாள், 36 வயதான டாயில் அலெக்ஸாண்டர் என்ற அனுபவசாலியை அட்லாண்டா குழுவிடமிருந்து வாங்கியது. அவர் தொடங்கிய 11 ஆட்டங்களிலும் டெட்ராய்ட் வென்றது. அவர் கணக்கில் மட்டும் 9 வெற்றிகள், தோல்வியே இல்லை. இரண்டே ஆட்ட வேறுபாட்டில் குழு தன் பிரிவில் முதலிடம் பெற்றது. வாங்கியவர்களுக்கு எவ்வளவு பெருமை! ஆனால், அடுத்த சுற்றில் மினசோட்டாவிடம் ஐந்தே ஆட்டங்களில் தோற்றது. அலெக்ஸாண்டர் அச்சுற்றில் எறிந்த இரண்டும் தோல்வி. 1989-க்குப் பிறகு அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

அவருக்கு ஈடாகக் கொடுக்கப்பட்டவர் 20 வயது இளைஞர், மிச்சிகன் மண்ணிலேயே பிறந்து வளர்ந்த ஜான் ஸ்மோல்ட்ஸ். அவ்வாண்டு கீழ்நிலைக் குழுவில் அவர் பெற்றவை 4 வெற்றிகள், 10 தோல்விகள். அந்த எண்களைப் பார்த்தவர்களுக்கு அவரைக் கொடுப்பது பெரிய இழப்பாகத் தோன்றியிருக்காது. அவரோ அட்லாண்டாவில் 1996-இல் சாய் யங் விருது பெற்றார்; மொத்தம் 213 வெற்றிகள் குவித்தார்; 2015-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார்.

இரண்டாவது, 2017. இம்முறை டெட்ராய்ட் விற்கும் பக்கம் இருந்தது. தானே வளர்த்தெடுத்த ஜஸ்டின் வெர்லாண்டரை ஆகஸ்ட் 31-ஆம் நாள் நள்ளிரவுக் கெடு நெருங்கிய வேளையில் ஹியூஸ்டன் குழுவுக்குக் கொடுத்தது. அவருக்கு வயது 34. சிறந்த காலம் முடிந்ததென்று பலர் எண்ணினர். அவர் சென்ற குழு அவ்வாண்டே உலகத் தொடரை வென்றது. 2019, 2022 ஆகிய ஆண்டுகளில் அவர் மீண்டும் சாய் யங் விருது பெற்றார். ஈடாக வந்த மூன்று இளைஞர்களுள் மிகுந்த எதிர்பார்ப்புக்குரிய பந்தெறிபவர் காயங்களால் முன்னேற முடியாமலே போனார். டெட்ராய்ட் 2019-இல் 114 ஆட்டங்களில் தோற்றது. எதிர்காலத்திற்காக விற்றால் எதிர்காலம் வந்தே தீரும் என்பதற்கு உறுதியில்லை.

மூன்றாவது, 2024. ஜூலை 30-இல் ஜாக் ஃப்ளாஹெர்ட்டி என்ற நல்ல பந்தெறிபவரை லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் குழுவுக்குக் கொடுத்தார்கள். அன்று டெட்ராய்ட்டின் கணக்கில் வெற்றியைவிடத் தோல்வியே அதிகம். ஸ்கூபலையும் விற்றுவிடுவார்கள் என்ற பேச்சு அடிபட்டது. ஆனால், அவரை வைத்துக்கொண்டார்கள். ஃப்ளாஹெர்ட்டி போன நாளில் மருமகன் இரவு உணவு உண்ணவில்லையாம். பிறகு நடந்ததுதான் புதுமை. சுழற்சிக்குப் போதிய தொடக்கப் பந்தெறிபவர்கள் இல்லாத அக்குழு, ஒரே ஆட்டத்தைப் பல இளைஞர்களுக்குப் பகிர்ந்து கொடுத்து எறியச் செய்தது. ஈடாக வந்த டிரே ஸ்வீனியும் களமிறங்கினார். 86 வெற்றிகளோடு பத்தாண்டுகளுக்குப் பிறகு இறுதிச் சுற்றுகளில் டெட்ராய்ட் நுழைந்தது. ஃப்ளாஹெர்ட்டியோ டாட்ஜர்ஸ் குழுவோடு உலகத் தொடரை வென்றார்; 2025-இல் டெட்ராய்ட்டுக்கே திரும்பி வந்தார். கொடுத்தவர், பெற்றவர், கொடுக்கப்பட்டவர் என மூவருக்கும் நன்மை.

ஆக, வாங்கியதால் வென்றும் இழந்தார்கள். விற்றதால் வீழ்ந்தும் எழுந்தார்கள். திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் ஆகிய மூன்று அதிகாரங்களும் அடுத்தடுத்து வருவதை வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதன் பொருத்தத்தை ஒரு பதின்மூன்று வயதுச் சிறுவனின் கட்டுரையில்தான் கண்டேன்.

அவனுடைய முடிவு, ஸ்கூபலை விற்கக் கூடாது என்பது. அதற்கு அவன் எழுதியிருந்த காரணத்தில் ஒரு வரியை மட்டும் நான் திருத்தவில்லை. “ஸ்மோல்ட்ஸைக் கொடுத்தபோது அவர் எப்படி வளர்வார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் யார் மீதும் கோபப்பட முடியாது. ஆனால் அவரும் நம் ஊர்ப் பிள்ளைதானே, அத்தை?”

ஆசிரிய நண்பர்களே, அந்த வரியைப் படித்தபின் மடிக்கணினியை மூடிவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். காரணத்தைச் சொல்கிறேன்.

2008-ஆம் ஆண்டு. நான் ஆசிரியர் பயிற்சி முடித்துவந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. யு.பி.எஸ்.ஆர். தேர்வு நம் பள்ளிகளை ஆட்டிப்படைத்த காலம் அது. ஏழு ஏ பெற்ற மாணவர்களின் படங்கள் நாளிதழில் வரும். எந்தப் பள்ளியில் எத்தனை பேர் என்று ஊரே எண்ணும். நான் அன்று பணியாற்றிய பள்ளியில் மாலைச் சிறப்பு வகுப்பு என் பொறுப்பில் இருந்தது. இருபது பேருக்குத்தான் இடம். ஜூன் மாதத் தேர்வுக்குப் பிறகு பட்டியலைத் திருத்தினேன். வாசிக்கவே தடுமாறிய ஒரு மாணவனை நீக்கிவிட்டு, ஆறு ஏ நிலையிலிருந்து ஏழு ஏ-க்கு உயரக்கூடிய மாணவி ஒருத்தியைச் சேர்த்தேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை. அந்தக் கணக்கைப் போட்டவள் நான்தான். அவள் ஏழு ஏ பெற்றாள். பள்ளிக்குப் பாராட்டுக் கிடைத்தது, எனக்கும் கிடைத்தது.

அவளுடைய வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவளுக்கும் ஆறாம் ஆண்டு ஒருமுறைதான் வரும். 1987-இல் டெட்ராய்ட் அரங்கில் ஆரவாரித்தவர்களின் மகிழ்ச்சி பொய்யன்று. அதுபோல அவள் பெற்றோரின் மகிழ்ச்சியும் பொய்யன்று.

2025-இன் நடுப்பகுதியில் ஒருநாள் பள்ளி அலுவலகத்தில் ஓர் இளைஞர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். “டீச்சர், என்னை ஞாபகம் இருக்கா?” என்றார். எனக்கு உடனே நினைவு வந்தது. தம் மகளை முதலாம் ஆண்டில் சேர்க்கும் தொடர்பாக வந்திருந்தார். கையில் ஒரு படிவம். பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் எழுதியிருந்தார், மற்றவை வெற்றிடம். “நீங்களே எழுதிக் கொடுத்திடுங்களேன் டீச்சர்,” என்று மெல்லச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். கையொப்பமிட்டுவிட்டு, மிகுந்த மரியாதையோடு நன்றி கூறிச் சென்றார். அன்று பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது அவருக்கு நினைவிருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. கேட்கத் துணிவில்லை.

மாலை வகுப்பில் அவர் தொடர்ந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று சொல்ல மாட்டேன். முதலாம் ஆண்டிலேயே பிடித்திருக்க வேண்டிய பிள்ளை அவர். ஆனால், அக்காலத்தில் அனுபவமிக்க ஆசிரியர்களை ஆறாம் ஆண்டில் குவித்துவிட்டு, முதலாம் ஆண்டுக்கு எஞ்சியவர்களை அனுப்பும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. ஆறாண்டுகளுக்குப் பிறகு வரப்போகும் பலனை எந்த நாளிதழும் அச்சிடாது அல்லவா?

2025 டிசம்பரில் எங்கள் தலைமையாசிரியர் என்னை அழைத்து, “அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டை எடுத்துக்கொள்கிறீர்களா?” என்று கேட்டிருந்தார். உள்ளபடியே எனக்கு மனத்தாங்கல்தான். இத்தனை ஆண்டுகள் தேர்வு வகுப்பில் இருந்தவளை அரிச்சுவடிக்கு அனுப்புவதா? யு.பி.எஸ்.ஆர். 2021-இல் அகற்றப்பட்டுவிட்டது, ஆயினும் ‘தேர்வு வகுப்பு ஆசிரியை’ என்ற பெருமை என்னைவிட்டு அகலவில்லை. சிந்தித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அந்த வாரத்தில்தான் மருமகனின் கட்டுரை வந்தது. மறுநாள் காலை தலைமையாசிரியருக்கு அழைத்துச் சம்மதம் சொன்னேன்.

இதிலும் இழப்பு உண்டு. ஆறாம் ஆண்டுப் பெற்றோர் இருவர், “ஏன் டீச்சர் எங்கள் பிள்ளைகளை விட்டுப் போனீர்கள்?” என்று வருத்தத்தோடு கேட்டார்கள். அவர்களுக்கு என்னிடம் நிறைவான பதில் இல்லை. அவ்வகுப்பை ஏற்றிருக்கும் இளம் ஆசிரியைக்கு வாரம் இருமுறை பாடம் திட்டமிட உதவுகிறேன். 2025 அக்டோபரில் சியாட்டலுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் ஸ்கூபல் ஆறு இன்னிங்சில் பதின்மூன்று பேரை ஆட்டமிழக்கச் செய்து, குழு முன்னிலையில் இருந்தபோதுதான் இறங்கினாராம். ஆட்டம் பதினைந்து இன்னிங்ஸ் வரை நீண்டு, டெட்ராய்ட் தோற்றது. ஒருவர் எவ்வளவு திறமையாக எறிந்தாலும் அவருக்குப் பின் வருபவர்களும் தேவை என்று மருமகன் எழுதியிருந்தான். ஆறு ஆண்டுகள் கொண்ட தொடக்கப்பள்ளிக்கும் அது பொருந்தும்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளி ஆண்டுக்கூட்டத்தில் ஆறாம் ஆண்டுக்கு யார் ஆசிரியர் என்று கேட்கிறீர்கள், மகிழ்ச்சி. முதலாம் ஆண்டுக்கு யார் என்றும் கேளுங்கள். ஆசிரியர்களே, உங்கள் மாலை வகுப்புப் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிக்கும் முன் அப்பிள்ளையின் பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நான் அன்று சொல்லவில்லை.

அந்தச் சிறுமி என் வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள். உயிரெழுத்துகளில் ‘ஈ’ எழுதும்போது இரண்டு புள்ளிகளையும் மறந்துவிடுகிறாள். நேற்று ஒரு புள்ளி வைத்தாள். மற்றொன்றை நாளை பார்த்துக்கொள்ளலாம்.

மருமகனின் கட்டுரைக்கு இருபதுக்குப் பதினேழு புள்ளிகள் கொடுத்தேன். ஒற்றுப்பிழைக்கு மூன்று புள்ளிகள் குறைத்தேன். அதற்கு அவன் மேல்முறையீடு செய்திருக்கிறான்!