கேட்டோம் என்று ஒரு வரி

இரவு மன்றாட்டை முடித்தபின் அரைமணி நேரம் சிற்றலை வானொலியின் குமிழைத் திருகிக் கொண்டிருப்பது நமது நாற்பதாண்டு வழக்கம். செய்திக்காகவோ பாட்டுக்காகவோ அன்று. இரைச்சலுக்கு அடியில் எங்கேனும் ஒரு மனிதக் குரல் கிடக்கிறதா, கிடந்தால் அது எந்நாட்டுக் குரல் என்று கண்டறிவதே அதன் இன்பம். "பேச்சும் புரியாது, பாட்டும் புரியாது, சாமி எதைத்தான் கேட்கிறாரோ!" என்று நமது உபதேசியார் வியப்பதுண்டு. அவர் வியப்பு நியாயமானதே. அப்பழக்கம் நமக்குக் கற்றுத்தந்த ஒன்றையும், அதைக் கற்றுக்கொள்வதில் நாம் காட்டிய தாமதத்தையும் வாசகர்முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொடக்கம் 1984-ஆம் ஆண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் பள்ளிச் சிறுவராயிருந்தோம். அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டார். அவர் இறந்த செய்தியை அரசு வானொலி மாலையில் முறையாக அறிவிக்கும் முன்பே இலண்டன் பி.பி.சி. அறிவித்துவிட்டிருந்தது. ஊரில் சிற்றலைப் பெட்டி வைத்திருந்தோர் வீட்டுத் திண்ணைகளில் கூட்டம் நிறைந்தது. அடுத்த சில நாள்களில், நோயுற்றிருந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சிகிச்சைக்காக அமெரிக்கா கொண்டுசெல்லப்பட்டார். நியூயார்க் மருத்துவமனையில் இருந்தவாறே அவர் ஆண்டிபட்டித் தொகுதியில் போட்டியிட்டார். அவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று பள்ளத்தாக்கு முழுவதும் வானொலிக்குக் காது கொடுத்தது. தொலைவிலிருந்து வரும் ஒரு குரலுக்காக மனிதர் எப்படி மூச்சடக்கிக் காத்திருப்பர் என்பதை அன்றுதான் கண்டோம். வேப்பமரத்துக்கும் ஓட்டுக் கூரைக்கும் இடையே நாம் முதன்முதலாகச் செப்புக்கம்பி கட்டியது அந்த மழைக்காலத்தில்தான்.

சிற்றலையின் இயல்பே வியப்புக்குரியது. மத்திய அலை பெரும்பாலும் நிலத்தைத் தழுவிச் சென்று, சில நூறு கிலோமீட்டரில் தளர்ந்துவிடும். சிற்றலையோ வானை நோக்கிச் செல்லும். அங்கே கதிரவனின் ஒளியால் மின்னேற்றம் பெற்ற அயனி மண்டலம் அதனை வளைத்துப் பூமிக்குத் திருப்பும். பூமி மீண்டும் வானுக்கு எறியும். இவ்வாறு தாவித் தாவி அது கடல்களைக் கடந்துவிடுகிறது. பகலில் அயனி மண்டலத்தின் கீழடுக்கு அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். கதிரவன் மறைந்ததும் அவ்வடுக்கு கலைந்துவிட, பகலில் எட்டாத நிலையங்கள் 49 மீட்டரிலும் 41 மீட்டரிலும் எட்டத் தொடங்கும். மிகத் தொலைவிலுள்ளவை பெரும்பாலும் அந்திக் கருக்கலிலும் விடியற்கருக்கலிலுமே கிடைக்கும். எனவே இதில் ஈடுபடுவோர் முதலில் கற்பது ஒன்றே: குரலுக்கு உரிய வேளையைக் குரல்தான் முடிவு செய்யும், கேட்பவர் முடிவு செய்ய இயலாது.

கேட்டதோடு பணி முடிந்துவிடாது. நாள், நேரம், அலைவரிசை, கேட்ட நிகழ்ச்சி ஆகியவற்றைக் குறித்து அந்நிலையத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஒலியின் வலிமை, பிற நிலையங்களின் குறுக்கீடு, இரைச்சல், அலையின் ஏற்ற இறக்கம், மொத்தத் தரம் என்னும் ஐந்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் இடவேண்டும். நிலையத்தார் அதனைத் தம் பதிவேட்டோடு ஒப்பிட்டு, 'ஆம், நீர் கேட்டது எம்மையே' என்னும் பொருளில் ஒரு வண்ண அட்டை அனுப்புவர். கியூ.எஸ்.எல். அட்டை என்பது அதன் பெயர். சிறுவயதில் அட்டை வருவதே நமக்குப் பெருமை. அறிக்கைக்காக ஏங்குவது நிலையமே என்பது பிற்காலத்தில்தான் விளங்கிற்று. வானில் பேசுகிறவருக்குத் தம் சொல் எவர் காதிலேனும் விழுந்ததா என்று அறிய வேறு வழியில்லை.

ஒளிந்து பேசும் நிலையங்களுக்கு இவ்வேக்கம் இன்னும் மிகுதி. உரிமமின்றி ஒலிபரப்புவனவற்றைக் கடற்கொள்ளை நிலையங்கள் என்பர். 1964-இல் இங்கிலாந்தின் கரைக்கு அப்பால் கப்பலில் இருந்து பாட்டு ஒலிபரப்பிய ரேடியோ கரோலின் அவ்வகையில் புகழ்பெற்றது. நம் நாட்டிலும் ஒன்று இருந்தது. 1942 ஆகஸ்டில், 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின் தலைவர்கள் சிறைப்பட்டபோது, உஷா மேத்தா என்னும் 22 வயது மாணவியும் தோழரும் பம்பாயில் காங்கிரஸ் வானொலியைத் தொடங்கினர். 42.34 மீட்டர் சிற்றலை. காவல்துறைக்கு அகப்படாதிருக்க அடிக்கடி வீடு மாற்றி, நவம்பர் 12-இல் பிடிபடும்வரை பேசினர். விசாரணையில் அவர் வாய் திறக்க மறுத்து, நான்காண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். வானில் பேசத் துணிந்தவர், அதிகாரிகள்முன் மௌனத்தைத் தெரிந்துகொண்டார்.

1986 பிப்ரவரியில் மணிலாவில் கர்தினால் சின், சர்வாதிகாரத்துக்கு எதிராக எழுந்தோரைக் காக்கத் தெருவுக்கு வருமாறு திருச்சபையின் வெரித்தாஸ் வானொலி வழியே மக்களை அழைத்தார். படைவீரர் அதன் ஒலிபரப்புக் கருவியைச் சிதைத்தனர். அறிவிப்பாளர் ஜூன் கீத்லி வேறொரு நிலையத்திற்குச் சென்று, இடத்தை மறைத்து, 'கொள்ளைக்கார வானொலி' எனப் பொருள்படும் ரேடியோ பண்டிடோ என்ற பெயரில் தொடர்ந்து பேசினார். எத்தனை பேர் கேட்டனர் என்பதற்குத் தெருவை நிறைத்த மக்களே அறிக்கையாயினர்.

கேட்டலே பிறரன்புப் பணியான காலமும் உண்டு. 11-ஆம் பத்திநாதர் 1931 பிப்ரவரி 12-இல் தொடங்கிவைக்க, மார்க்கோனி அமைத்துத் தந்த வத்திக்கான் வானொலி, 1940 முதல் 1946 வரை 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட செய்திகளை ஒலிபரப்பியது. அவை போரில் காணாமற்போனோரையும் கைதிகளையும் பற்றியவை. அதே போர்க்காலத்தில், பகைநாட்டு வானொலிகள் வாசித்த கைதிகளின் பெயர்களை அமெரிக்காவில் சிற்றலை நேயர்கள் எழுதியெடுத்து, முன்பின் அறியாத அன்னையருக்கு அஞ்சலட்டை அனுப்பினர். 'உம் மகன் உயிரோடிருப்பதாகக் கேட்டோம்' என்ற செய்தியைவிடப் பெரிய மறையுரை ஏது?

அக்காலம் ஏறத்தாழ முடிந்துவிட்டது. பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரலோடு நின்றது. வெரித்தாசின் ஆசிய ஒலிபரப்பு 2018-ஆம் ஆண்டின் நடுவில் சிற்றலையை விட்டு இணையத்துக்குச் சென்றது. ஆண்டிபட்டியிலோ விசைத்தறி மோட்டார்கள் ஓடும்வரை நம் பெட்டி இரைந்துகொண்டேயிருக்கும். மின்சாரம் நின்றால் தெருவுக்கு வருத்தம். நமக்கு மட்டும் சற்று மகிழ்ச்சி.

அப்படி ஓர் இரவில்தான் நம் குற்றம் நமக்குத் தெரிந்தது.

நெசவாளர் தெருவில் முதியவர் ஒருவர். பக்கவாதத்தால் வலப்பக்கமும் பேச்சும் போயின. முதல் வெள்ளிதோறும் அவருக்கு நற்கருணை கொண்டுசெல்வோம். ஒவ்வொரு முறையும் நம் கையைப் பற்றி, "பா... பா..." என்று ஏதோ சொல்ல முயல்வார். "பால் கேட்கிறாரு சாமி. கொடுத்தா மூஞ்சியைத் திருப்பிக்கிறாரு" என்பார் மருமகள். 'பாவம்' என்கிறார் போலும் என்று நாம் எண்ணினோம். இறைவனின் இரக்கத்தைப் பற்றி இரண்டு சொற்கள் சொல்லி, ஆசீர் அளித்து, அடுத்த வீட்டுக்குச் சென்றுவிடுவோம். இவ்வாறு ஏழு மாதங்கள்.

அன்று இரவு மின்சாரம் இல்லை. பெயர் தெரியாத ஒரு நிலையத்தின் அறிவிப்புக்காக நாற்பது நிமிடம் இருளில் அசையாதிருந்தோம். அது அடங்கி எழும், மறையும், மீண்டும் வரும். ஒரே ஓர் அசை பிடிபட்டதும் குறிப்பேட்டில் எழுதினோம். எழுதும்போது கை நின்றது. நாம் ஒருநாளும் காணப்போகாத ஓர் அறிவிப்பாளருக்கு நாற்பது நிமிடம்; நம் கையைப் பற்றிய முதியவருக்கு இரண்டு நிமிடமும் இல்லை!

தம் தொகுதியிலிருந்து தேர்வுபெற்ற எம்.ஜி.ஆர். 1985-இல் நாடு திரும்பியபோது அவர் பேச்சும் குழறியே இருந்தது. ஆயினும் அவர் கூறியதை ஆயிரமாயிரம் பேர் காதுகொடுத்துப் புரிந்துகொண்டனர். குழறுவது முதலமைச்சரானால் கேட்க நாடே உண்டு. தறிக்காரரானால்?

மறுநாள் விடியற்காலையில் சென்றோம். தறிகள் ஓடத் தொடங்கும் முன், உறக்கம் தெளிந்த வேளையில், அவர் நாக்கு சற்று இலகுவாயிருந்தது. தொலைக்காட்சியை நிறுத்தச் சொல்லி, மருமகளையும் அருகே அமர்த்திக்கொண்டோம். நிலையங்களுக்கு வைத்திருந்த அதே குறிப்பேட்டில் அவர் அசைகளை எழுதினோம். நான்காம் நாள் விளங்கிற்று. அது பாலும் அன்று, பாவமும் அன்று, பாவு. பல்லாண்டுகளுக்கு முன், கைத்தறிக் காலத்தில், பக்கத்து வீட்டாரிடம் ஒரு சேலைப் பாவைக் கடனாக வாங்கி நெய்து விற்றிருக்கிறார்; திருப்பித் தரவில்லை. கொடுத்தவர் இறந்துவிட்டார். அவர் மனைவி இருக்கிறார்.

"ஐயா, அந்த அம்மாவுக்கு ஒரு பாவு கொடுக்க வேண்டும், இதைத்தானே சொல்கிறீர்கள்?" என்று அவர் சொன்னதையே அவருக்குத் திருப்பிச் சொன்னோம். அவர் கண்களிலிருந்து நீர் வழிந்தது. தலையசைத்தார். அதன்பின் வெகுநேரம் எதுவும் பேச முயலவில்லை.

மகன் பணத்தோடு அவ்வம்மையாரின் வீட்டுக்குச் சென்றார். "எந்தப் பாவு? எனக்கு நினைவே இல்லையே தம்பி" என்றாராம். ஆனாலும் வந்தார். கட்டிலருகே ஒரு மாலைப்பொழுது முழுவதும் அமர்ந்திருந்தார். முதியவர் அவ்வாண்டுத் தவக்காலத்தில் இறைவனடி சேர்ந்தார். இவை ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டவை அல்ல, குடும்பத்தார்முன் சொல்லப்பட்டவை. அவர்கள் இசைவோடே இங்கு எழுதினோம்.

வீட்டார் பாலைக் கேட்டனர்; அவர்கள் கவலை உணவு. குரு பாவத்தைக் கேட்டார். அவர் தொழில் அது. அவரவர் நிலையத்தையே அவரவர் பெட்டி பிடித்தது. அந்நெசவாளர் தம் சொந்த அலைவரிசையில் தனியே பேசிக்கொண்டிருந்தார்.

மாற்கு நற்செய்தியின் 7-ஆம் அதிகாரத்தில், காது கேளாதவரும் திக்கிப் பேசுபவருமான ஒருவரை இயேசுவிடம் கொண்டுவருகின்றனர். குருமடத்தில் அப்பகுதியைப் பலமுறை படித்தோம்; திருமுழுக்கு நாள்களில் குழந்தைகளின் காதையும் வாயையும் தொட்டும் வருகிறோம். ஆயினும் ஒன்றைக் கவனித்ததில்லை. ஆண்டவர் முதலில் செய்தது அம்மனிதரைக் கூட்டத்தின் இரைச்சலிலிருந்து தனியே அழைத்துச் சென்றதே. அதன்பின் முதலில் காதைத் தொட்டார், பிறகே நாவை.

நமது வானொலி இன்னும் மேசைமேல் இருக்கிறது. இரவில் திருகுவதையும் விடவில்லை. ஆனால் அந்தக் குறிப்பேட்டை இப்போது நோயாளிகள் வீட்டுக்கும் கொண்டுசெல்கிறோம். வாசகர் இல்லங்களிலும் எவரோ ஒருவர் பல மாதங்களாக ஒரே அசையைச் சொல்லிக் கொண்டிருக்கலாம். விடியும் வேளையில் ஒருமுறை அருகே அமர்ந்து கேளுங்கள். கேட்டதை அவரிடமே திருப்பிச் சொல்லுங்கள். தாம் கேட்கப்பட்டோம் என்று அவர் அறியட்டும்.