நான் சரிபார்க்காமல் விட்ட ஒரு வரி



ஓய்வுக்குப் பிறகு பைத்தான் படித்து, ஜாங்கோவை வைத்து நம் பழைய மாணவர்களுக்காக ஒரு பிறந்தநாள் பக்கம் செய்தது உங்களுக்குத் தெரியும். போன மாதம் அதை ஏன் இரண்டு நாள் மூடினேன் என்று பலர் கேட்டீர்கள். சொல்லிவிடுகிறேன்.

ஒரு நாள் இரவு நம் மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், பக்கம் திறக்கல. ஏதோ பிழைன்னு மஞ்சளா வருது. அதை அழுத்திப் பார்த்தா ஒருத்தங்களோட போன் நம்பர், வீட்டு முகவரி எல்லாம் தெரியுது சார்" என்றான். எனக்கு வியர்த்துவிட்டது. "யாருக்கும் காட்டாதீங்க சார்" என்று சொல்லித்தான் அந்தப் பெண் அவற்றைக் கொடுத்திருந்தாள்.

நடந்தது இதுதான். ஜாங்கோவில் புதிதாக ஒன்றைத் தொடங்கினால் கூடவே 'செட்டிங்ஸ்' கோப்பும் வரும். அதில் 'டீபக்' என்ற அமைப்பு 'ட்ரூ' என்றே இருக்கும். நிரல் எந்த வரியில் தடுக்கியது, அப்போது எந்த மாறியில் என்ன மதிப்பு இருந்தது என்று அது விரித்துக் காட்டும். கணக்கு நோட்டின் ஓரத்தில் போட்டுப் பார்க்கும் செய்முறை மாதிரி. வீட்டில் எழுதிப் பழகும்போது அது வேண்டும். ஊருக்குத் திறந்து விடும்போது 'ஃபால்ஸ்' ஆக்கியே தீர வேண்டும். நான் ஆக்கவில்லை. அந்தப் பெண்ணின் பிறந்த தேதியை வேறு தப்பாகப் பதிந்திருந்தேன். நிரல் அங்கே நின்றது. அவளுடைய விவரம் முழுவதும் திரைக்கு வந்துவிட்டது.

திருத்தப் போனால் இன்னொரு பாடம். சர்வரின் சூழல் மாறியில் 'ஃபால்ஸ்' என்று எழுதி, அங்கிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மாறவே இல்லை! அங்கிருந்து வருவது வெறும் எழுத்து. காலியாக இல்லாத எந்த எழுத்தும் பைத்தானுக்கு 'உண்மை'தான், அது 'பொய்' என்ற சொல்லாகவே இருந்தாலும். வந்த சொல் 'ட்ரூ'தானா என்று ஒப்பிட்டுப் பார்க்கும்படி எழுதிய பிறகே சரியானது. அப்புறம் 'செக்' கட்டளையை 'டிப்ளாய்' சேர்த்து ஓட்டினேன். ரகசியச் சாவியும் தொடக்கத்தில் வந்த 'இன்செக்யூர்' சாவியாகவே இருக்கிறது என்று எச்சரித்தது. அதையும் மாற்றினேன். பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே ஓட்டியிருக்க வேண்டிய கட்டளை அது.

மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார், நீங்களே கூப்பிட்டுச் சொன்னீங்களே" என்றாள். சற்று நேரம் பேச்சில்லை. "ஆனா என் விவரத்தை அழிச்சிடுங்க சார்" என்றாள். அழித்துவிட்டேன்.

"ஒருமுறை சரிபார்த்துவிட்டுக் கொடு" என்று உங்கள் தேர்வுத்தாள்களில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! உங்களில் பலர் இந்தத் தொழிலில் இருக்கிறீர்கள். இந்த முறை மதிப்பெண் குறைந்தது உங்கள் சாருக்கு. நீங்கள் சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்