கழித்தல்

பூர்வீக வீட்டை ஒழித்துப் புதுப்பிப்பது ஒரு விமர்சனக் காரியம். எது இருக்கலாம், எது இருக்கக் கூடாது என்று தீர்மானிக்க வேண்டும். தீர்மானத்துக்குக் காரணமும் வேண்டும். நான் வேலை பார்க்கும் வங்கியில் இந்தச் சங்கடம் இல்லை. 1985இல் வந்த விதிகள் சில பதிவேடுகளை 5 ஆண்டும், சிலவற்றை 8 ஆண்டும் வைத்திருக்க வேண்டும் என்று வகுத்துவிட்டன. குடும்பத்துக்கு அப்படி விதி கிடையாது. அங்கே ஒரு பொருளின் ஆயுள், அதைத் தூக்கிப் போடத் துணிபவன் வருகிற வரைக்கும்.

குற்றாலத்தில் தாத்தா கட்டிப்போட்டது இரண்டு அறையும் ஒரு அடுப்பங்கரையும் உள்ள ஓட்டு வீடு. ஆனி, ஆடியில் சாரல் காலத்துக்கு மட்டும் திறப்பது. மற்ற மாதங்களில், தென்காசி வீட்டில் ஓய்வு பெற்ற சாமான்களெல்லாம் இங்கே வந்து சேர்ந்தன. ஈயம் போன பித்தளைப் பாத்திரங்கள், கண்ணாடி உடைந்த அரிக்கேன் விளக்குகள், கால் போன கட்டில், பஞ்சாங்கங்கள், கயிறு கட்டிய ரசீதுகள். யாரும் பாதுகாத்தவை அல்ல, முடிவெடுக்காமல் தள்ளிப்போடப்பட்டவை. இரண்டையும் நாம் ஒரே பெயரால், மரபு என்று, அழைத்துவிடுகிறோம்.

இந்தப் பிரதேசத்திலேயே கழித்தலுக்கு இரண்டு முன்னுதாரணங்கள் உண்டு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்கு ஏடு தேடிப் போன உ.வே.சா.வுக்கு, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாகப் பதில் கிடைத்தது; அதற்கு ஆகமத்தில் விதி இருக்கிறது என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டவர், எந்த ஏட்டையும் எந்தப் பாடபேதத்தையும் விட மனம் வராதவர். இன்னொருவர் 1954இல் மறைந்த டி.கே.சி. குற்றாலத்தில் இருந்துகொண்டு கம்பனில் ஏராளமான பாடல்களை இடைச்செருகல் என்று தள்ளியவர். அவருக்கு விதி தேவைப்படவில்லை; தம் ரசனை போதுமானதாக இருந்தது. ஒருவர் எல்லாவற்றையும் காத்தார், மற்றவர் தமக்கு ருசித்ததைக் காத்தார். இருவருக்கும் நடுவில் எங்கோ நின்றுதான் என் தலைமுறை விமர்சனம் எழுதிக்கொண்டிருக்கிறது.

தோரோவின் ‘வால்டன்’ 1854இல் வெளிவந்தது. குளக்கரையில் 10க்கு 15 அடியில் தானே கட்டிய ஒற்றை அறை வீட்டில் இருந்த மனிதர். தம் மேஜை மேலிருந்த மூன்று சுண்ணாம்புக் கற்களைத் தினமும் தூசி தட்ட வேண்டியிருந்தது என்பதற்காகவே ஜன்னல் வழியே எறிந்ததாக அதில் சொல்கிறார். கல்லூரியில் இதை எளிமையின் தத்துவம் என்று பாடம் சொன்னார்கள். எனக்கு இதில் முக்கியம் வேறு. தூசி தட்ட வேண்டியவரே எறிகிறார். வைத்திருப்பவரும் துடைப்பவரும் ஒரே ஆள். நம் வீடுகளில் அப்படி இல்லை.

அடுப்பங்கரை விஷயத்தில் இது வெளிப்பட்டது. மண்ணடுப்பை அப்படியே வைக்க வேண்டும், அதுதான் வீட்டின் ஆத்மா என்றார் சித்தப்பா. ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் காட்டலாம் என்பது அவர் எண்ணம். அத்தை வாசற்படியிலிருந்தே சொன்னாள்: “இத மொதல்ல இடிச்சுப் போடு. பொறவு மத்ததப் பேசலாம்.”

சாரலில் நனைந்த விறகை ஊதி ஊதி, குத்தவைத்துக்கொண்டு, இருபது பேருக்கு வருஷா வருஷம் அதில் சமைத்தவள் அத்தை. அருவியில் குளித்தவர்கள் நாங்கள். எங்கள் ஈரத்துணிகளைப் பிழிந்து கொடியில் போட்டபின் பொழுது இருந்தால் அவளும் போவாள். சித்தப்பாவின் ஞாபகத்தில் அந்த அடுப்பிலிருந்து வாசனை வருகிறது. அவள் ஞாபகத்தில் புகை வருகிறது. இரண்டும் ஒரே அடுப்பு.

அடுப்பு போயிற்று. நின்று சமைக்கிற உயரத்தில் மேடை, ஒரு ஜன்னல், குழாய். ஓட்டை மாற்றவில்லை, குரங்கு தள்ளியவற்றை மட்டும் மாற்றினோம். பாத்திரங்கள் எடைக்குப் போயின. அத்தை எடுத்துக்கொண்டது உப்பு மரவை ஒன்றுதான். நினைவாகவா என்று கேட்டேன். உப்பு நீர்விடாது என்றாள்.

கடைசியில் தாத்தாவின் கணக்கு நோட்டுகள் மிஞ்சின. தொழில் பழக்கத்தில் பத்திப் பத்தியாகப் படித்தேன். விறகு, பால், அருவி எண்ணெய்க்கு நல்லெண்ணெய், தண்ணீர் சுமந்தவனுக்குக் கூலி, எல்லாம் பைசா பிசகாமல் இருக்கிறது. சமைத்தவர்கள் பேரில் ஒரு பற்றும் இல்லை.

அத்தை அவற்றையும் போடச் சொல்லிவிட்டாள். நான் போடவில்லை. கணக்கில் வராததைக் காட்டுகிற வேறு சாட்சி அந்த வீட்டில் இல்லை. தூசி நான் தட்டிக்கொள்கிறேன்.